சிவப்பு வால் குறிப்புகள்

பகலில் இந்த மீன் ஒன்றும் செய்வதில்லை. தொட்டியின் ஒரு மூலையில் தரையோடு தரையாக வயிற்றைப் பதித்து, பக்கத் துடுப்புகள் இரண்டையும் விரித்து ஊன்றிக் கிடக்கிறது. செவுள்மூடி மட்டும் மெல்லத் திறந்து மூடும். பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "உயிரோட இருக்கா?" அடுத்தது, "கடிக்குமா?" மூன்றாவது கேள்வியைச் சிலர்தான் கேட்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி: "இது நம்ம கெளுத்தி மாதிரிதானே? குழம்பு வைக்கலாமா?"

கடைக்காரர்கள் இதை ஆர்டிசி என்பார்கள். ரெட் டெயில் கேட்ஃபிஷ். தென் அமெரிக்காவின் அமேசான், ஒரினோகோ, எஸ்ஸெகிபோ ஆற்றுப் படுகைகள்தான் சொந்த ஊர். பிரேசிலில் இதன் பெயர் பிராராரா. முதுகு கரும்பழுப்பு. வாயிலிருந்து வால்வரை பக்கவாட்டில் ஓடும் அகலமான வெள்ளைப் பட்டை. வால் செம்மஞ்சள். தலையைத் தொட்டால் எலும்புக் கவசம் கையில் தட்டுப்படும். மேல் தாடையில் ஒரு ஜோடி மீசை, கீழ்த் தாடையில் இரண்டு ஜோடி. ஆற்றில் ஒன்றேகால் மீட்டருக்கு மேலும் வளரும். தூண்டிலில் பிடிபட்டதாகப் பதிவான மிகப் பெரியது 56 கிலோ.

அக்கா மகன் கல்லூரியில் படிக்கும்போது விரல் நீளத்தில் வாங்கி வந்தான். முதலில் மூன்றடித் தொட்டி, பிறகு ஐந்தடித் தொட்டி, அதுவும் போதாமல் போர்டிகோவின் வடகிழக்கு மூலையில் சிமென்ட் தொட்டியே கட்டிவிட்டான். பன்னிரண்டு அடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி ஆழம். முன்பக்கம் மட்டும் கனத்த கண்ணாடி. ஈசானிய மூலையில் தண்ணீர் நிற்பது வீட்டுக்கு நல்லது என்பதால்தான் அக்கா சம்மதித்தாள். பிறகு அவனுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. "மாமா, கொஞ்ச நாளைக்குப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இந்த மீன் பதினைந்து, இருபது ஆண்டுகள் இருக்கும்.

*

"என்ன ஒரு சாந்தம்!" என்றார் நண்பர் ஒருவர். தினமும் விடிகாலையில் கண்ணை மூடி உட்காருகிறவர். அவர் குரலில் கொஞ்சம் பொறாமையும் இருந்தது.

எனக்கு அதைச் சாந்தம் என்று சொல்ல வாய் வரவில்லை. கலங்கிய பெரிய ஆற்றின் அடியில் வாழப் பிறந்த உடம்பு இது. அங்கே கண்ணால் பெரிய பயன் இல்லை; கண்ணும் உடம்பின் அளவுக்கு மிகச் சிறியது. மீசையிலும் தோலிலும் சுவை மொட்டுகள் பரவிக் கிடக்கின்றன. அமெரிக்கக் கால்வாய்க் கெளுத்தி என்ற இனத்தை ஆராய்ந்தவர்கள், ஒரு மீனின் உடம்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுவை மொட்டுகள் இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். காற்றுப்பைக்கும் உட்காதுக்கும் இடையே கெளுத்திகளுக்குச் சின்னஞ்சிறு எலும்புகளால் ஆன ஒரு தொடர் உண்டு. நீரின் அதிர்வைக் காற்றுப்பை வாங்கும், அந்த எலும்புகள் அதைக் காதுக்குக் கடத்தும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாலும் அதற்குத் தெரிகிறது. நான் போர்டிகோவுக்கு வருமுன்பே மேல் மீசைகள் இரண்டும் என் பக்கம் திரும்பிவிடுகின்றன.

ஆக, அசையாமல் கிடப்பது ஓய்வாகத் தோன்றினாலும் அதுதான் அதன் வேலை. நண்பர் கண்ணை மூடி உட்காருவது எதையும் எதிர்பாராமல் இருக்கப் பழகுவதற்காக. இந்த மீனோ மூக்கு முதல் வால்வரை எதிர்பார்ப்பு. ஆற்றில் அந்த எதிர்பார்ப்புக்கு எதிரே ஆயிரம் விஷயங்கள் வரும்: நண்டு, சிறு மீன், உதிர்ந்த பழம், வெள்ளம், வேறொரு கெளுத்தியின் மணம். இங்கே வருவது நான் மட்டும். தண்ணீர் வருவதும் என்னால், இரை வருவதும் என்னால், வெயில் தணிவதும் நான் தென்னை ஓலைத் தட்டி கட்டினால்தான். ஒரு மீனிடமிருந்து அதன் ஆற்றை எடுத்துவிட்டால், எடுத்தவர்தான் அதற்கு ஆறாக இருந்தாக வேண்டும். தொட்டியருகே உட்காரும்போதெல்லாம் என் எண்ணம் இங்கேயே வந்து நிற்கிறது.

*

செவ்வாயும் சனியும் சாப்பாடு. வளர்ந்த மீனுக்கு அதற்கு மேல் தேவையில்லை. தினமும் கொடுத்தால் தினமும் தின்னும். பிறகு ஈரலில் கொழுப்பு ஏறும்.

மீன்காரம்மாவிடம் ஜிலேபி மீன் வாங்குகிறேன். "முள்ளு எடுத்துக் குடுக்கட்டுமா சார்? யாருக்கு, குழந்தைக்கா?" என்று முதல்தடவை கேட்டார். மீனுக்கு என்றேன். கத்தியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்போது அவரே தலையை நீக்கி, துடுப்பு முள்ளை நறுக்கி, துண்டு போட்டுத் தருகிறார். மற்ற நாள்களில் வாங்குகிறவர்களுக்குச் செய்வதைவிடக் கவனமாகச் செய்கிறார் என்றுகூடத் தோன்றுகிறது. மத்தியை மட்டுமே தொடர்ந்து கொடுப்பது கூடாது. அதிலுள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். கடைகளில் 'ஃபீடர்' என்று மலிவு விலையில் விற்கும் பொன்மீன் குஞ்சுகளிலும் அதே நொதி உண்டு. நோயையும் கூடவே கொண்டுவரும். உயிருள்ள மீனை உள்ளே விட்டு, கூடி நின்று கைபேசியில் படம் எடுப்பது இந்தப் பொழுதுபோக்கில் ஒரு பெரிய சந்தோஷம் என்று தெரியும். எனக்கு அது வேண்டாம்.

துண்டு தண்ணீரில் விழுந்ததும் மீன் பாயாது. முதலில் மேல் மீசைகள் இரண்டும் முன்னால் நீளும். துண்டைத் தொடாமலேயே அதைச் சுற்றி நீரைத் துழாவும். உடம்பு தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும். தலை சற்றே சாயும். அடுத்து நடப்பதைக் கண் பிடிப்பதில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், துண்டு இருந்த இடத்தில் நீர் குழிந்து சுழல்கிறது, வாய் ஏற்கெனவே மூடியிருக்கிறது. கடிப்பது, மெல்லுவது எதுவும் இல்லை. வாயும் தொண்டையும் ஒரே நொடியில் அகல விரிய, அந்த வெற்றிடத்துக்குள் நீரோடு இரையும் போய்விடுகிறது. நீர் மட்டும் செவுள் வழியே வெளியேறும். கூடவே இரண்டு மூன்று செதில்கள் மினுங்கிக்கொண்டு வெளியே வந்து மெதுவாகத் தரையில் படியும்.

வாய்க்குள் அடங்குவது எல்லாம் இரை என்பதுதான் அதன் கணக்கு. அக்கா மகன் போட்டுவைத்த வெப்பமானி ஒருநாள் காணாமல் போய், மறுநாள் காலை தரையில் கிடந்தது. கூழாங்கல், வலையின் பிடி, ஹீட்டர் எல்லாவற்றையும் விழுங்கிய சிவப்பு வால்கள் உண்டு. அதனால் இந்தத் தொட்டியில் கல் கிடையாது, செடி கிடையாது, கட்டை கிடையாது. அழகு பார்க்க வருகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

அமெரிக்க முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1914-இல் பிரேசிலில் அதுவரை வரைபடத்தில் இல்லாத ஓர் ஆற்றில் இறங்கிப் போனார். அந்தப் பயணத்தில் பிடிபட்ட மூன்றரை அடிக் கெளுத்தி ஒன்றின் வயிற்றில் குரங்கு இருந்ததாக எழுதியிருக்கிறார். கிளை நுனியில் தொங்கி நீர் குடிக்க வந்த குரங்காக இருக்க வேண்டும் என்று அவர்கள் ஊகித்தார்கள். எங்கள் மீனும் மூன்றரை அடியை நெருங்குகிறது. பக்கத்து வீட்டுக் குழந்தை தொட்டிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அக்கா ஓடிவந்து இடுப்பில் தூக்கிக்கொள்கிறாள். தேவையற்ற பயம். இருந்தாலும் நான் தடுப்பதில்லை.

*

இடம் மாற்றத் தார்ப்பாயில் அள்ளித் தூக்கியபோது சத்தம் போட்டதாம். அக்கா மகன் சொன்னபோது நம்பவில்லை, பிறகு நானே கேட்டேன். அடித்தொண்டையிலிருந்து வருவதுபோல் கரகரப்பாக, விட்டுவிட்டு. பக்கத் துடுப்பின் முதல் முள் அடியில் வரிவரியாக இருக்கும். அதைத் தோள் எலும்பின் குழியில் உரசி ஒலி எழுப்புவது கெளுத்திகளின் வழக்கம். அந்த முள்ளை விரித்துப் பூட்டியும் கொள்ளும். பூட்டிய முள்ளை வலையிலிருந்து எடுப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும்.

*

தண்ணீர் மாற்றும் நாள் ஞாயிறு.

தொட்டியின் கொள்ளளவு ஆறாயிரம் லிட்டர். வாரம் மூன்றில் ஒரு பங்கு மாற்றினால் இரண்டாயிரம் லிட்டர். இவ்வளவு பெரிய ஊன் உண்ணி கழிக்கும் அம்மோனியா கொஞ்ச நஞ்சமல்ல. ஃபில்டரில் குடியிருக்கும் ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். நைட்ரேட்டோடு அவற்றின் வேலை முடிந்தது. அதை வெளியேற்றுவது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் இந்தப் பளபளப்பான கண்ணாடி, மோட்டார், விளக்கு எல்லாம் சேர்ந்தும் மீனை ஒரு வாரம் காப்பாற்ற முடியாது. சோதனைக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, நிறம் மஞ்சளாகவே நிற்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். பச்சை ஏறினால் அம்மோனியா. மஞ்சளாக நின்றால் அந்த வாரம் நிம்மதி.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். போர் தண்ணீரில் உப்பு அதிகம். இரண்டையும் கலந்து, மேலே ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் நிரப்பி, இரவெல்லாம் காற்றடிக்க விட்டு, குளோரின் நீக்கும் மருந்தும் போட்டு மறுநாள் இறக்குகிறேன். வெளியே போகும் பழைய நீர் வாழைக்கும் முருங்கைக்கும் போகிறது. எங்கள் வாழை தெருவில் எந்த வீட்டிலும் இல்லாத அளவுக்குத் தார் தள்ளுகிறது. வருகிறவர்களிடம் அக்கா வாழையைத்தான் காட்டுகிறாள், மீனை அல்ல.

ஞாயிறு காலையில் குழாய் ஓடும் சத்தத்தோடு உட்கார்ந்திருக்கும்போது சில சமயம் 2019 கோடை நினைவுக்கு வரும். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றிப்போய், இதே தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக லாரிக்குக் காத்திருந்தன. அன்று இந்த மீன் எங்கள் வீட்டில் இல்லை. இருந்திருந்தால் வாரம் இரண்டாயிரம் லிட்டரை எந்த முகத்தோடு மாற்றியிருப்பேன்? ஆறாக இருப்பது என்று முன்பே எழுதினேன். சென்னையில் ஆறாக இருப்பது இன்னும் சங்கடம்.

அக்கினி நட்சத்திரத்தில் தொட்டி நீர் 32 டிகிரியைத் தொடுகிறது. நீர் சூடாக ஆகப் பிராணவாயு கரைவது குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல், 32-இல் 7.3 அளவுதான். அந்த நாள்களில் கரன்ட் போனால் முதலில் இன்வெர்ட்டரில் ஓடுவது மீனின் ஏர் பம்ப், பிறகுதான் எங்கள் மின்விசிறி. இதற்கு அக்காவின் சம்மதத்தை நான் கேட்கவில்லை.

*

மாம்பழக் காலம்.

குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் காட்டும் வாளை, வயலோரத்து மாமரத்திலிருந்து முற்றி விழும் பழத்தைக் கவ்விக்கொள்கிறது. வாளை என்றால் நம் ஆற்று வாளை. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஒரு காலத்தில் பேர்போன மீன், வாய் காதுவரை கிழிந்த கெளுத்தி, சுத்த வேட்டைக்காரன். அது பழம் தின்னுமா என்று பாட்டைப் படிக்கிறவர்களுக்கு ஐயம் வரலாம். சிவப்பு வாலை அறிந்தவர்களுக்கு வராது. அமேசானில் இதன் வயிற்றைப் பிளந்து பார்த்தவர்கள் மீனோடும் நண்டோடும் காட்டுப் பழங்களையும் கண்டிருக்கிறார்கள். வெள்ளக் காலத்தில் காடு நீருக்குள் நிற்கும். மரம் உதிர்ப்பது நேராகத் தண்ணீரில்தான் விழும். உதிர்ந்ததை உண்ணும் மீன்கள் அங்கே பல. கொட்டைகளைத் தொலைவுக்குக் கொண்டுபோய் விதைப்பதும் அவைதான்.

பங்கனப்பள்ளியில் ஒரு துண்டு நறுக்கிப் போட்டேன். மீசை நீண்டது. வழக்கத்தைவிட வெகுநேரம் துழாவியது. 'டப்'. உள்ளே போன துண்டு இரண்டு விநாடியில் வெளியே வந்து மிதந்தது. போயிற்று என்று நினைத்து நான் எடுக்கக் கையை நீட்டும்போது மறுபடி ஒரு 'டப்'. இந்தத் தடவை திரும்பி வரவில்லை. அக்காவுக்குச் சொன்னேன். "அதுக்கும் பங்கனப்பள்ளிதானா? நீலம் போட்டா ஆகாதா?" என்றாள்.

*

ஐப்பசியில் முதல் பெருமழை இறங்கிய இரவு மீன் மூலையில் இல்லை. சுவரோரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனை போகும், திரும்பும், மறுபடி போகும். பன்னிரண்டு அடி அதன் வாலுக்கு நாலைந்து வீச்சுதான். ஒவ்வொரு திருப்பத்திலும் மூக்கு சிமென்டில் மெல்ல இடிக்கும். காற்றழுத்தம் குறைந்ததோ, கூரைத் தகரத்தில் விழுந்த மழையின் அதிர்வோ, தொட்டி நீர் ஓரிரு டிகிரி குளிர்ந்ததோ, ஏதோ ஒன்று அதை எழுப்பியிருந்தது.

மனாவுஸ் நகரத்தருகே நீக்ரோ ஆறு ஆண்டுதோறும் ஏறத்தாழ பத்து மீட்டர் ஏறி இறங்குகிறது. மூன்று மாடி உயரம். மீன்களுக்கு அந்த ஏற்றம் ஓர் அழைப்பு. கரையைத் தாண்டிக் காட்டுக்குள் போகும். இதே குடும்பத்தைச் சேர்ந்த டோராடா என்ற கெளுத்தி ஆண்டிஸ் மலையடிவாரத்தில் பொரித்து, அமேசான் முகத்துவாரம்வரை இறங்கி, வளர்ந்தபின் முட்டையிட மறுபடி மலையடிக்கே ஏறுகிறது. போகவர 11,600 கிலோமீட்டர் வரை. நன்னீரிலேயே இவ்வளவு நெடும் பயணம் போகும் மீன் வேறு அறியப்படவில்லை. அதன் வழியில் மதேரா ஆற்றில் இப்போது சாந்தோ அந்தோனியோ, ஜிராவ் என்று இரண்டு பெரிய அணைகள் நிற்கின்றன.

வெனிசுலாவில் உருமாக்கோ என்று வறண்ட ஊர் ஒன்று இருக்கிறது. அங்கே மயோசீன் காலப் பாறைகளில் சிவப்பு வாலின் உறவு இனம் ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. ஐம்பது லட்சம் ஆண்டுகளுக்கும் பழைய எலும்புகள். அந்த வறண்ட நிலத்தில் அன்று பேராறு ஓடியது. ஆறு போய்விட்டது, அந்த இனமும் போய்விட்டது. வேறு ஆறுகளில் அந்தப் பரம்பரை தொடர்ந்து, அதில் இன்று உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரே இனம் மழையிரவில் என் போர்டிகோவில் மூக்கை இடித்துக்கொள்கிறது.

பின்னிரவில் மழை விட்டது. மீன் மூலைக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

*

கொளத்தூர்ப் பக்கம் போய்வந்தேன், ஃபில்டருக்குப் பஞ்சு வாங்க. சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர். வீட்டு மாடியில் தொட்டி கட்டிக் குஞ்சு பொரிக்க வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கே தெருத்தெருவாக உண்டு. நான் நின்ற கடையில் ஒரு தகப்பனும் பத்து வயதுப் பையனும். பையன் கை காட்டிய தொட்டியில் விரல் நீளச் சிவப்பு வால்கள். தென்கிழக்காசியப் பண்ணைகளில் ஊசி போட்டு முட்டை எடுத்துப் பொரித்த குஞ்சுகள் இப்படித்தான் ஆக்ஸிஜன் பையில் விமானம் ஏறி வருகின்றன. அந்த வயதில் இதன் அழகைச் சொல்லி மாளாது. தலைதான் உடம்பில் பாதி, வால் இப்போதுதான் சிவக்கத் தொடங்கியிருக்கும், மீசை மூன்று ஜோடியும் ஓயாமல் துறுதுறுவென்று அலையும்.

"எவ்வளோ பெருசு ஆகும்ணே?" என்றான் பையன்.

"தொட்டிக்குத் தக்கதான் தம்பி வளரும்" என்றார் கடைக்காரர்.

இந்தத் தொழிலில் இதைவிடப் பழைய பொய் கிடையாது. சின்னத் தொட்டியில் மீன் சின்னதாக நிற்பதுண்டு. முதுகெலும்பு வளைந்து, துடுப்பு சிதைந்து, தன் கழிவிலேயே வெந்து, வாழ வேண்டிய காலத்தில் கால்வாசிகூட வாழாமல் போவதற்குப் பெயர் தக்கபடி வளர்வது அல்ல. தகப்பனிடம் சொன்னேன்: "சார், இது என் வீட்டுல இருக்கு. மூணடிக்கு மேல." கைகளை விரித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். எந்த மாடி என்று கேட்டேன். இரண்டாவது மாடி, அடுக்ககம் என்றார். வீட்டு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரநிர்ணயம் கணக்கில் கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ. மூன்றடி உயரத் தண்ணீர் ஒரு சதுர மீட்டரில் 900 கிலோவுக்கு மேல் அழுத்தும். இதைச் சொன்னதும்தான் அவர் சிரிப்பை நிறுத்தினார். பையன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை. கடைக்காரரும் பஞ்சுக்கான பாக்கிச் சில்லறையை என் முன்னால் சற்று வேகமாகவே வைத்தார்.

அதே கடையில் 'ஷார்க்' என்று விற்பது இன்னொரு கெளுத்தி. மீகாங் ஆற்றுப் பங்காசியஸ். வரவேற்பறைகளில் இரண்டடித் தொட்டிக்குள் வெள்ளியாக மின்னிக்கொண்டு கண்ணாடியில் முட்டி முட்டி நீந்துவது அதுதான். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். உணவகத்தில் 'பாசா' என்று முள்ளில்லாமல் தட்டில் வருவதும் பெரும்பாலும் அதே மீன். ஒரே குடும்பம் ஒன்றுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சிவிட்டு, வெளியே போய் மற்றதை வறுத்துச் சாப்பிட்டு வருகிறது. இதில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தெரிந்துகொண்டு சாப்பிடலாம்.

*

ஹைதராபாத்திலிருந்து ஞாயிறு இரவுகளில் அக்கா மகன் வீடியோ அழைப்பில் வருவான். முதலில் அம்மா, பிறகு மீன். கைபேசியைக் கண்ணாடியருகே பிடித்தால் "டேய்" என்று கூப்பிடுவான். மீன் திரும்பாது. "நான் வந்து எடுத்துட்டுப் போயிடுறேன் மாமா" என்று ஆரம்ப நாள்களில் சொல்வான். இப்போது சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. அவன் இருப்பது ஐந்தாவது மாடியில். கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது.

*

இடம் போதாமல் போன மீன்களுக்கு என்ன ஆகிறது? பிரிட்டனில் பொதுக் காட்சியகங்களிடம் இப்படி வளர்ந்துபோன சிவப்பு வால்களையும் பாக்கு என்ற மீன்களையும் கொண்டுவந்து தள்ளியவர்கள் ஏராளம். இனி வைக்க இடமில்லை, இவற்றை விற்காதீர்கள், வாங்காதீர்கள் என்று காட்சியகங்களே பிரசாரம் செய்தன. நம் ஊரில் கொண்டுபோய்த் தள்ள அப்படி இடம் கிடையாது. ஏரி இருக்கிறது.

2018 வெள்ளத்துக்குப் பின் கேரளத்து ஆறுகளில் அமேசானின் அரபைமா வலையில் விழுந்தது. முதலைவாய் அலிகேட்டர் கார் மீனும் கிடைத்தது. அந்தப் பெருமழை யாருடைய தொட்டிகளையும் பண்ணைகளையும் திறந்துவிட்டதோ. தொட்டி சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்ற சக்கர் கெளுத்தி இன்று சென்னையைச் சுற்றிய ஏரிகளில் பெருகி, வலையைக் கிழிக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 2000-ஆம் ஆண்டிலேயே இந்தியாவில் தடை வந்தது. இன்னும் திருட்டுத்தனமாக வளர்க்கிறார்கள், இன்னும் குட்டைகளில் கிடைக்கிறது. ஏற்கெனவே நம் ஆற்று வாளை பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயமுள்ள இனம். மழைக்கால வெள்ளம் பரவும் ஆழமில்லாத நீர்களில்தான் அது முட்டையிடும். அந்த வெள்ளமும் குறைந்து, மணலும் போன ஆறுகளில் அது பிழைத்துக் கிடக்கிறது. அதன் இடத்துக்குப் போட்டியாக இன்னொரு பெரிய வாயை நாம் கொண்டுபோய் விட வேண்டியதில்லை.

என் பொறுப்பில் வந்த மீன் என் காலம்வரையோ அதன் காலம்வரையோ இந்த மூலையில் இருக்கும். செவ்வாய், சனி சாப்பாடு, ஞாயிறு தண்ணீர். அதில் எனக்குச் சலிப்பு இல்லை. ஓர் உயிரின் அருகில் பேச்சில்லாமல் உட்காரக் கிடைப்பதும் சின்ன விஷயமல்ல. ஆனால் இந்த உட்காரலுக்காக யாரும் இந்த மீனை வாங்க வேண்டாம். மீசை வைத்த மீன்தான் வேண்டும் என்றால் நம் வாய்க்கால்களிலேயே உடம்பில் கோடு ஓடிய சிறு கெளுத்தி உண்டு. ஒரு சாணுக்கு மேல் போகாது. நாலடித் தொட்டியில் கூட்டமாக வாழும். ஏற்கெனவே சிவப்பு வாலை வாங்கி, அது வளர்ந்து, இடமில்லாமல் தவிக்கிறவர்கள் பெரிய தொட்டி உள்ளவர்களைத் தேடுங்கள். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, அங்கே போய் யோசனை கேளுங்கள். எதுவும் கைகூடாமல் போனாலும், இரவில் வாளியில் எடுத்துப் போய் ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.